வலது ரோலருக்கு மட்டும் பொட்டு

உக்காருங்க தம்பி, தாராளமா உக்காருங்க. பையை நான் மடியில வெச்சுக்கறேன். முன்னால ஒருத்தரு இங்கதான் உக்காந்துட்டு வந்தாரு. சிங்காநல்லூர்ல ஏறினவரு, சூலூர் தாண்டுனதும் வெயிலடிக்குதுன்னு அக்கட்டாலச் சீட்டுக்குப் போயிட்டாரு. வெயிலே அக்கட்டாலதானுங்க அடிக்குது. செல மனுசருக்கு வெயில் எந்தப் பக்கமின்னே தெரியறதில்லை.

எதுவரைக்குமுங்க? காங்கயமா? நல்லதாப் போச்சு. நான் வெள்ளகோயில். மக ஊட்டுக்குப் போறேன். இன்னிக்கு வரவேண்டாம், நாங்க ஊட்டுல இருக்கமாட்டோமின்னுதான் சொன்னா. போன ஞாயித்துக்கிழமையும் இல்லை. அதுக்கு முந்தின வாரம் எங்கியோ சீருன்னா. பாவம், ஓயாத அலைச்சல் அந்தப் புள்ளைக்கு. அதுதான் இன்னிக்குச் சொல்லாமயே கிளம்பிட்டேன். சொன்னாத்தானே அலைச்சல்.

தம்பி, உங்க போன்ல டவர் காட்டுதுங்களா? என்றதுல ஒரு கோடுதான் நிக்குது. ஒண்ணுமில்லீங்க, சும்மா கேட்டேன். எனக்கு யாரும் கூப்பிட வேண்டியதில்லை. ஞாயித்துக்கிழமை இந்த நேரத்துக்குக் கையில வெச்சுப் பழகிப் போச்சு, அவ்வளவுதான்.

பையில என்னன்னு பாக்கறீங்களா? பாக்கலியா? பரவால்லீங்க, சொல்றேன். மரத்துண்டு. ரெண்டு துண்டு. பின்லாந்துல இருந்து வந்திருக்குது. சிரிக்காதீங்க, நெசமாலும்தான். அந்த நாட்டுல ஒரு குளிர்காலம் பூரா இருந்துட்டு வந்தவன் நான். கணபதியில எங்க பட்டறை. தெய்வசிகாமணின்னு கேட்டா சின்னப் பையனும் சொல்லுவான். வெல்டரு. அங்க காட்டுல மரம் அறுக்கற மிசினுக்கு ரோலரு செஞ்சு அனுப்பறோம்.

அது என்ன ரோலருங்கறீங்களா? கரும்புச்சாறு மிசினைப் பாத்திருக்கீங்கல்ல? ரெண்டு உருளை சுத்தும், நடுவுல கரும்பு உள்ள போகும். அதே சமாச்சாரந்தானுங்க. அங்க கரும்புக்குப் பதிலா முழு மரம். மிசினு கையை நீட்டி நின்ன மரத்தைப் புடிச்சு, அடியில அறுத்து, படுக்க வெச்சு, இந்த ரெண்டு உருளையும் மரத்தைக் கவ்வி இழுக்கும். இழுக்க இழுக்கக் கத்தி கிளையெல்லாம் சீவித் தள்ளிரும். உருளை பூரா பல்லு. ஒவ்வொரு பல்லும் என்ற கையால வெல்டு வெச்சது. பல்லு மொக்கையா இருந்தா மரம் வழுக்கிப் போகும். நெம்பக் கூரா இருந்தா மரத்துல பள்ளம் விழுந்து வீணாப் போகும். புடியும் விடக்கூடாது, காயமும் படக்கூடாது. அந்தப் பதம் எல்லாருக்கும் வராதுங்க. எனக்கு வரும்.

ஒரு வருசம் அங்க இருந்து புகார் வந்துச்சு. குளிர்ல பல்லு விட்டுப்போகுதுன்னு. ஒரு ஆளை அனுப்பி, அங்கியே இருந்து பாத்து வெல்டு வெச்சுக் குடுக்கச் சொல்லீட்டாங்க. முதலாளி பட்டறையில எல்லாரையும் கூட்டி வெச்சு, யாரை அனுப்பலாமுன்னு கேட்டாரு. ஒருத்தர் விடாம எம்பேரைத்தானுங்க சொன்னாங்க! எனக்கே கண்ணு கலங்கிப் போச்சு. அத்தனை பேரும் கையைத் தூக்கறாங்க, டீ கொண்டுவர்ற பொம்பளை கூட. நாலு மாசம் போறாதுன்னா ஆறு மாசம் இருந்துட்டு வாங்கண்ணான்னு வழியனுப்பி வெச்சாங்க. அந்தப் பாசம் யாருக்குக் கிடைக்கும்?

ஊட்டுலயும் ஒரு மறுப்பும் சொல்லலை. அவளுக்குக் காது மந்தமுங்க, சாவித்திரிக்கு. காதுல மிசினு வாங்கி மாட்டி விட்டிருக்கோம். நல்லாக் கேக்குது. ஆனா நெம்பச் சிக்கனக்காரி. நான் பட்டறையில இருந்து வந்து செருப்பைக் கழட்டறதும், அவ மிசினைக் கழட்டி டப்பாவுல வெக்கறதும் ஒண்ணா நடக்கும். பேட்டரி தீந்து போகுமாமா.

அங்க போய் எறங்குனா, தம்பி, என்னத்தைச் சொல்றது. காடு. சுத்திக் காடு, மேல பனி. பொழுது பத்து மணிக்கு வருது, மூணு மணிக்குப் போயிருது. சக்கரம் வெச்ச ஒரு சின்ன ஊடு, அதுல நானும் மிசின் ஓட்டறவனும். தவுனோன்னு பேரு. எம்பட வயசுதான் இருக்கும், தாடி வெச்ச ஆளு. பொண்டாட்டி செத்துப் போச்சுன்னு ஒரு போட்டோவைக் காட்டுனான். அத்தோட சரி. அந்த மனுசன் வாயில இருந்து வர்றது ஒரே ஒரு வார்த்தைதானுங்க. ‘யோ.’ ஆமாங்கறதுக்கும் யோ, சாப்பிடுன்னாலும் யோ, தூங்கப் போறதுக்கும் யோ. அவனுக்கு இங்கிலீசு கொஞ்சம் வரும், எனக்கு அதுவும் வராது. தனியா இருக்கறதுன்னா என்னன்னு எனக்கு அங்கதானுங்க தெரிஞ்சுது. அழுகை வந்திரும். ஊட்டுல, பட்டறையில எல்லாம் நாலு பேரு சுத்தி இருந்தாங்க. அங்க நான் பேசறது எனக்கே திரும்பிக் கேக்குது, அவ்வளவு சத்தமில்லாத காடு.

அதுக்காக நான் பேசாம இருப்பனா? பேசுனேன். தமிழ்லயேதான். பல்லு தேய்ஞ்ச ரோலரைக் கழட்டிப் போட்டு, சூடு காட்டி, வெல்டு வெப்பேன். வெச்சுட்டே பேசுவேன். ஒண்ணு கவனிச்சேனுங்க. நான் வாயைத் திறந்தா அவன் மிசின் இஞ்சினை நிறுத்திருவான். கண்ணாடிக் கதவைத் திறந்து வெச்சுட்டு அப்படியே உக்காந்திருப்பான். அந்தக் குளிர்ல! டீசல் மிச்சம் புடிக்கறானாமா. சிக்கனத்துல எங்க ஊட்டுக்காரிக்கு அண்ணனாட்ட இருக்கறான்னு நெனச்சுக்குவேன்.

இன்னொண்ணு கேளுங்க. அந்த ஊட்டுல ஒரே ஒரு நாற்காலிதான். அடுப்புக்கிட்ட, ஆட்டுத்தோலு விரிச்சுப் போட்ட பழைய நாற்காலி. நான் போன மறு நாளே ஒரு கட்டையை அறுத்து முக்காலி ஒண்ணு செஞ்சான். சரி, விருந்தாளிக்குப் புதுசாச் செய்யறான்னு பாத்தா, புதுசுல அவன் உக்காந்துட்டுப் பழசை என்ற பக்கம் தள்ளி விட்டுட்டான். புதுசு அவனுக்காமா! அந்த முக்காலி சாய்மானம் கூட இல்லாத கெரகம், அதுக்கு அத்தனை ஆசை. நானும் ஒண்ணும் சொல்லலை. குளிர்காலம் பூரா அந்தப் பழைய நாற்காலியிலயே கழிச்சேன். சாவித்திரி குடுத்துவிட்ட பருப்புப் பொடியை அவன் ரொட்டியில தூவித் தூவித் தின்னே காலி பண்ணுனான். அதையும் ஒண்ணும் சொல்லலை.

பல்லடம் வந்திருச்சுங்களா? இங்க டவர் நல்லா இருக்கோணுமே. மூணு கோடு. ம்.

எங்க விட்டேன்? ஆ, பொட்டு. பொட்டைப் பத்தி நான் இன்னும் சொல்லவே இல்லியா? அதுதானுங்க முக்கியம். இந்த ரோலருல வலது, இடதுன்னு உண்டு. பாக்க ரெண்டும் ஒண்ணாட்டத்தான் இருக்கும். ஆனா பல்லு ஒரு பக்கம் சாஞ்சிருக்கும், வலதுக்கு ஒரு சாய்வு, இடதுக்கு எதுத்த சாய்வு. மாத்தி மாட்டுனா மரத்தைக் கவ்வாது. ஓரத்துல எழுத்து அடிச்சுத்தான் அனுப்பறோம், வெல்டு பொறி தெறிச்சு அது மூடிப் போகும். அதனால எங்க பட்டறையில ஒரு பழக்கம். வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சதும் வலது ரோலருக்கு மட்டும் மஞ்சள் வெச்சு, அது மேல குங்குமம் வெச்சிருவோம். இடதுக்குக் கிடையாது. சாமி கும்புட்டாப்புலயும் ஆச்சு, அடையாளமும் ஆச்சு. மஞ்சளும் குங்குமமும் நான் பொட்டலங் கட்டி அங்கியும் கொண்டு போயிருந்தேன். வலதுக்குப் பொட்டு வெச்சுத்தான் கழட்டுவேன், பொட்டைப் பாத்துத்தான் மாட்டுவேன். ஒரு நாளும் தப்பு வந்ததில்லை.

தை மாசம் வந்துச்சு. மாட்டுப் பொங்கலு. காலையில எந்திரிச்சா இருட்டு. ஊர்ல இந்நேரம் மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்குப் பெயிண்டு அடிச்சுட்டு இருப்பாங்களேன்னு நெனச்சேன். போன் போட்டா சாவித்திரிக்குக் கேக்கலை. மக எடுக்கலை, வேலையா இருந்திருப்பா. சரி, நம்ம மாடு இதுதானேன்னு மிசினுக்கிட்டப் போனேன். மஞ்சளைக் குழைச்சேன். ரெண்டு ரோலருக்கும் பொட்டு வெச்சேன். காங்கயத்துக்காரரு, உங்களுக்குச் சொல்லோணுமா? சோடி மாடு நிக்கறப்ப ஒண்ணுக்கு மட்டும் பொட்டு வெச்சுட்டு இன்னொண்ணை வெறும் நெத்தியோட விட்டா, அது மூஞ்சியைப் பாக்க முடியுமா? பொங்கலோ பொங்கல்னு நான் ஒருத்தனே கத்துனேன். தவுனோ காப்பித் தம்ளரோட நின்னு பாத்துட்டு இருந்தான். என்ன விசேசம்னு கையைக் காட்டிக் கேட்டான். சொன்னேன். எங்கப்பன் ஓட்டுன மயிலைக் காளைச் சோடியில இருந்து ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொன்னேன். கடைசியில ‘யோ’ன்னான்.

மறு நாள் ரெண்டையும் கழட்டி வெல்டு வெச்சேன். திரும்ப மாட்டப் போறப்பப் பாத்தா, ரெண்டுலயும் பொட்டு! எது வலது? எனக்குத் தெரிஞ்சிருக்குமுங்க, நிதானமாப் பாத்திருந்தா. ஆனா நான் அப்ப அந்த மயிலைச் சோடியைச் சந்தையில வித்த கதையைச் சொல்லிட்டு இருந்தேன். பாதியில எப்படி நிறுத்தறது? மாட்டிட்டேன். மாத்தி மாட்டிட்டேன்.

மரத்தைப் புடிச்சா வழுக்குது. உருளை சுத்துது, பட்டை உரிஞ்சு உரிஞ்சு கொட்டுது, மரம் உள்ள போகவே மாட்டேங்குது. மரம் ஏத்த வந்த லாரி காலியாத் திரும்பிப் போச்சு. நானா இருந்தா வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சிருப்பேன். அவன் ஒரு வார்த்தை சொல்லோணுமே? இஞ்சினை நிறுத்துனான், எறங்கி வந்தான், ரெண்டையும் கழட்டி மாத்தி மாட்டுனான். இரும்பைத் தொட்டா தோலு ஒட்டிக்கற குளிரு. என்னையைத் தொடவே விடலை, உள்ள போயி அடுப்புக்கிட்ட உக்காருன்னு கையைக் காட்டறான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஒண்ணு கேக்கறேன், நான் மாட்டறப்ப அவன் பக்கத்துலதானே நின்னான்? தப்புன்னு தெரியாதா அவனுக்கு? நான் பேசிட்டு இருந்தேனாமா, நடுவுல பேசவேண்டாமுன்னு நின்னானாமா. கையைக் காட்டிச் சொல்றான்! உலகத்துல இப்படி ஒரு ஆளைப் பாத்திருக்கீங்களா?

அதுக்கு அடுத்த நாள் காலையில பாத்தா, பனியில என்ற பொட்டு ரெண்டும் அழிஞ்சு போச்சு. வலது ரோலருல மட்டும் புதுசா ஒண்ணு இருக்குது. அவுங்க மரத்துக்குக் குறி போடற பெயிண்டு, மஞ்சள் வட்டம், அது மேல செவப்பு. அவன் வெச்சிருக்கறான். என்ற மேல நம்பிக்கை இல்லாமத்தானே? அதுக்கப்பறம் குளிர்காலம் முடியற வரைக்கும் அவனே வெச்சான். குங்குமப் பொட்டலம் அப்படியே கிடந்துச்சு.

திரும்பி வந்துட்டேன். பட்டறையில எல்லாரும், அதுக்குள்ளயா வந்துட்டீங்கன்னு கேட்டாங்க. அத்தனை பாசம்.

வந்த வாரமே ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பொழுதோட போனு. முகம் தெரியற போனு. தவுனோ. என்னமோ ஏதோன்னு எடுத்தா, முக்காலியில உக்காந்திருக்கறான். ஒண்ணும் பேசறதில்லை. பக்கத்துல அந்தப் பழைய நாற்காலி, ஆட்டுத்தோலோட, காலியாக் கிடக்குது. ஒரு சட்டையையாவது கழட்டிப் போட்டு வெக்கலாமல்ல? சும்மாக் கிடக்குது. நான்தான் பேசோணும். பட்டறைச் சமாச்சாரம், மக சமாச்சாரம், அவரைக்காய் விலை எல்லாம் சொல்லுவேன். அவன் ‘யோ’ம்பான். வாராவாரம் இப்படி. சாவித்திரி கூட டப்பாவைத் திறந்து மிசினை மாட்டிட்டு வந்து, யாருகிட்டங்க அத்தனை நேரம் பேசறீங்கன்னு கேட்டா.

எனக்குக் கடுப்பாயிருச்சுங்க. ஒரு ஆளு எத்தனைதான் பேசறது, பதிலே இல்லாம? தீவாளிக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை முதலாளி மகன் பக்கத்துல இருந்தாப்புல. இங்கிலீசு சுத்தமா வரும். பேச ஒண்ணுமில்லீன்னா எதுக்குக் கூப்பிடறான்னு கேட்டுச் சொல்லு தம்பின்னேன். அந்தத் தம்பி சொன்னாப்புல. தவுனோ ‘யோ’ன்னான். வெச்சுட்டான்.

அன்னியோட நிறுத்திட்டான் பாருங்க. அத்தனை ரோசம். நிறுத்தட்டும், எனக்கென்ன? ஞாயித்துக்கிழமை பொழுதோட இப்ப ஓய்வாத்தான் இருக்கறேன். இதா, வெள்ளகோயில் கூடப் போக முடியுது.

என்ன தம்பி, கொட்டாவி? ராத்திரி தூக்கமில்லீங்களா? சாஞ்சுக்கங்க, நான் சொல்றதைக் கேட்டுட்டே சாஞ்சுக்கங்க.

இப்பத்தான் விசயத்துக்கே வர்றேன். பொங்கலு முடிஞ்ச வாரம் அந்தப் பின்லாந்துக் கம்பெனி ஆளு ஒருத்தரு பட்டறையைப் பாக்க வந்தாரு. எம்பேரைக் கேட்டு ஒரு பொட்டணத்தைக் குடுத்தாரு. தவுனோ குடுத்துவிட்டதுன்னு. அவரு பொங்கலுக்கே வந்திருக்கோணுமாமா, ஏரோப்பிளேனு தள்ளிப் போச்சாமா. பிரிச்சுப் பாத்தா இந்த ரெண்டு துண்டு. இருங்க, எடுக்கறேன். புடிங்க, கனமாத்தான் இருக்கும். ஒரே மரத்துல ரெண்டு கன்னத்துல இருந்து அறுத்தது. இதா, வரிசையாப் பள்ளம் தெரியுதுங்களா? என்ற பல்லு பதிஞ்ச தடம். இதுல இப்படிச் சாய்வு, அதுல அப்படிச் சாய்வு. ஒரு காயிதம் இல்லை, ஒரு எழுத்து இல்லை.

எனக்குப் புரியாதா? பல்லு ஆழமா எறங்குது, மரம் கெடுதுன்னு குறை சொல்லி அனுப்பியிருக்கறான். அதோட விட்டானா? துண்டு மேல வெச்ச பொட்டைப் பாருங்க. மஞ்சள் வட்டத்துல செவப்பு. வலது இடது தெரியாத ஆளுன்னு குத்திக் காட்டறான். ஒரு நாள் செஞ்ச தப்பை வருசம் திரும்பியும் மறக்காம, கடல் தாண்டி அனுப்பிச் சொல்லிக் காட்டறான்னா, அவன் மனசு எப்படிப்பட்ட மனசு?

அதுக்குத்தான் மாப்பிள்ளைகிட்டப் போறேன். அவரு காலேஜுல பாடம் எடுக்கறவரு. இங்கிலீசுல காரமா ஒரு பதில் எழுதி வாங்கோணும். எங்க வெல்டுல குறை கண்டுபுடிக்க நீ யாரு, இனிமேல் எனக்கும் உனக்கும் ஒண்ணும் கிடையாதுன்னு. நாளைக்குக் காலையில ரோலரெல்லாம் கப்பல் பெட்டியில ஏறுது, அதோட சேத்து இந்தத் துண்டையும் திருப்பி அனுப்பிருவேன். முதலாளியும் சரின்னுட்டாரு. இன்னிக்கு விட்டா அடுத்த பெட்டி ஆடி மாசந்தான்.

என்ன கேட்டீங்க?

சித்தெ இருங்க, பஸ்ஸுச் சத்தத்துல காதுல விழுகலை. பொட்டா? ஆமா, அதைத்தானே சொல்றேன், குத்திக் காட்டறதுக்கு.

ரெண்டுலயும் இருக்குதா?

ஆமா. ரெண்டுலயுந்தான் இருக்குது. இதுலயும் இருக்குது, அதுலயும் இருக்குது. அதுக்கென்ன?

இல்லீங்க, அவன் வலதுக்கு மட்டுந்தான் வெப்பான். அவனுக்கு நல்லாத் தெரியும். குளிர்காலம் பூரா வலதுக்கு மட்டுந்தானே வெச்சான், தப்பே பண்ணுனதில்லையே. இடதுக்கு எதுக்கு... தப்பைக் காட்டறதுன்னா ஒண்ணுக்குத்தான் வெக்கோணும். நீங்க சொல்றது சரிதான். ரெண்டுக்கும் வெக்கறது எப்பன்னா...

பொங்கலுக்குத்தானே வந்திருக்கோணுமின்னாரு அந்த ஆளு.

சோடி மாடு, தம்பி.

இருங்க. கொஞ்சம் இருங்க.

கண்ணாடியை ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன். இந்தப் போன்ல அவன் பேரு எங்க இருக்குதுன்னு பாத்துக் குடுங்க. முதலாளி மகன்தான் போட்டுக் குடுத்தாப்புல. தாடி போட்டோ இருக்கும். அதுதான். அமுக்குங்க. இல்ல, வேண்டாம். நாந்தானே வேண்டாமின்னு சொன்னேன், நான் எப்படி... அமுக்கிட்டீங்களா?

எடுக்கமாட்டான். ரோசக்காரன். எத்தனை மாசமாச்சு. மணி அடிச்சுட்டே இருக்குது பாருங்க, அவன் எங்கியாவது காட்டுக்குள்ள...

எடுத்துட்டான்.

எடுத்துட்டானுங்க. அடுப்பு தெரியுது. தாடி நெம்ப நரைச்சுப் போச்சு. ஏப்பா தவுனோ, நான்தான், தெய்வசிகாமணி. கேக்குதா? இதா பாரு, ரெண்டும் வந்திருச்சு. தெரியுதா? தம்பி, கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க, ரெண்டையும் சேத்துக் காட்டுங்க.

‘யோ’ங்கறான். கேட்டீங்களா?

போனைத் தூக்கிட்டு எங்கியோ போறான். எல்லாம் ஆடுது. ஓ. அந்தப் பழைய நாற்காலிங்க. ஆட்டுத்தோலு மேல சாச்சு என்னைய வெச்சுட்டான். எதுத்தாப்புல முக்காலியில போயி உக்காந்துட்டான்.

காங்கயம் வந்திருச்சு, நீங்க எறங்குங்க தம்பி. துண்டை மடியில வெச்சுட்டுப் போங்க, நான் புடிச்சுக்கறேன். பேசறதா? என்னத்தைங்க பேசறது. வாயில ஒண்ணும் வரலை. இப்படியே புடிச்சுட்டு உக்காந்திருக்கறேன், டவர் இருக்கற வரைக்கும்.